குமாரைக் கூட்டிக்கொண்டு ராஸ் அல் கைமா போன கதை

2007-இல், வெயில் கொஞ்சம் இறங்கிய நவம்பரில், ஒரு வெள்ளிக்கிழமை ராஸ் அல் கைமா போனேன். ஊர் சுற்ற அல்ல. மனநோய் பற்றித் தொழிலாளர்களுக்கு எவ்வளவு தெரியும் என்று பார்க்கும் ஆங்கிலக் கேள்வித்தாள் ஒன்றைத் தமிழுக்குக் கொண்டுவரச் சொல்லியிருந்தார், எங்கள் ஷார்ஜா கிளினிக்கின் மனநல டாக்டர். அங்கே தமிழ் எழுதத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான், அதைத் தொழிலாளர் கேம்பில் கொடுத்து எழுதி வாங்கி வருவதும் என் தலையில் விழுந்தது.

தாளின் தொடக்கத்தில் ஒரு குட்டிக் கதை வரும். ஒருவனுக்கு இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை. அவனுக்கு என்ன, யாரிடம் போகலாம் என்று பிறகு கேள்விகள். ஆங்கிலத்தில் அவன் ஜான், பேங்க் உத்தியோகம். கேம்பில் ஜானை யாருக்குத் தெரியும்? நான் அவனைக் குமார் ஆக்கினேன். கல் குவாரி வேலை, எட்டுப் பேர் ரூம், ஊருக்குப் போன் பேசுவதில்லை, கட்டிக்கொண்டு போன சோற்றை அப்படியே திருப்பிக் கொண்டுவருகிறான். எழுதி முடித்து என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஷார்ஜாவின் ரோலா டாக்சி ஸ்டாண்டுக்குக் காலை எட்டரைக்கே போய்விட்டேன். ஷேர் டாக்சி ஆளுக்கு இருபது திர்ஹம். நான்கு பேர் சேர்ந்தால்தான் நகரும் என்பதால் முக்கால் மணி நேரம் வீண். ஒன்றேகால் மணி நேர ஓட்டம், வழி நெடுக மணலும் கம்பிவேலியும்தான். ராஸ் அல் கைமா ஊரிலிருந்து குவாரிக்கு இருபத்தைந்து கிலோமீட்டர், தனி டாக்சி முப்பது திர்ஹம். அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று பட்டான் டிரைவர் இந்தியில் கேட்டார். மலை இருக்கிறதே என்றேன். அதைத்தான் உடைத்துக்கொண்டிருக்கிறார்களே என்றார்.

கேம்ப்பை மேற்பார்க்கும் கம்பெனி ஆளான கேம்ப் பாஸிடம் டாக்டர் முன்பே அனுமதி வாங்கியிருந்தார். மெஸ்ஸில் இருபத்திரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். குமார் கதையை வாசித்ததும் தங்களுக்குள் குசுகுசுவென்று பேசிக்கொண்டு எழுத ஆரம்பித்தார்கள். தாள்களை வாங்கிப் பார்த்தால் எல்லாம் ஒரே பதில்: குமாருக்கு ஒன்றுமில்லை, நல்ல வேலைக்காரன், டாக்டர் தேவையில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி காப்பியடித்துவிட்டார்களே என்று எரிச்சலாக வந்தது.

ஆறுமுகம் என்ற அரியலூர்க்காரர், அங்கிருந்தவர்களிலேயே மூத்தவர், என்னைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அழைத்துப் போனார்.

"பழனியைப் பத்தி யாரு சார் உங்களுக்குச் சொன்னது? பேரை மாத்திட்டா எங்களுக்குத் தெரியாதா?"

அவர்கள் ரூமில் குமார் மாதிரியே ஒரு பையன் இருந்திருக்கிறான், பழனி. கற்பனை என்று எவ்வளவோ சொன்னேன். அவர் நம்பவில்லை. கேம்ப் பாஸ் வழியாக வந்த தாள் ஆபீசுக்குத்தான் போகும், போனால் பழனியை விசா கேன்சல் செய்து ஊருக்கு ஏற்றிவிடுவார்கள் என்றார். அதனால்தான் எல்லோரும் பேசிவைத்து எழுதியிருக்கிறார்கள். பழனி சாப்பிடும்வரை ஒருவர் பக்கத்தில் உட்காருகிறாராம். கல் அரைக்கும் மெஷின் பக்கம் அவனை விடுவதில்லையாம். டாக்டரிடம் மட்டும் போகவில்லை, ஏனென்றால் அதற்கும் கேம்ப் பாஸ் சீட்டு வேண்டும். எனக்கு வெட்கமாகிவிட்டது. சீட்டில்லாமல் எங்கள் டாக்டர் பார்ப்பார் என்று நம்பர் எழுதிக் கொடுத்தேன். இரண்டு முறை படித்து மனப்பாடம் செய்துகொண்டு, காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கேட்டருகே டாக்சிக்காக நின்றபோது, சட்டை தொளதொளவென்று தொங்க ஒரு பையன் வந்தான். யாரென்று யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

"சார், அந்தக் குமாருக்கு அப்புறம் சரியாயிடுச்சா?"

"கதை அவ்வளவுதான் தம்பி. அதுக்கு மேல எழுதலை."

தலையை ஆட்டிக்கொண்டான். டாக்சி வந்தது, நான் ஏறிவிட்டேன். அப்படிச் சொன்ன என் வாயை என்ன செய்தால் தகும்?

ஒரு வாரம் மனது கேட்கவில்லை. அடுத்த வெள்ளியும் போனேன், குமாருக்கு ஒரு முடிவு எழுதிக்கொண்டு. பழனியின் மெத்தை சுருட்டிக் கிடந்தது. திங்கட்கிழமை டியூட்டிக்கு எழவில்லையாம். கேம்ப் பாஸ் அதட்டியதும் எல்லாவற்றையும் அவனே சொல்லிவிட்டானாம். புதன்கிழமை பிளைட் ஏற்றிவிட்டார்கள்.

"உங்க நம்பரைச் சொன்னேன் சார்," என்றார் ஆறுமுகம். "'குமாரையே அவங்களால ஒண்ணும் பண்ண முடியலியே அண்ணே'ன்னான்."

கேம்ப்புகளுக்குப் போகிறவர்களுக்கு: வெள்ளி மதியம் இரண்டுக்கு மேல் போங்கள், காலையில் துணி துவைப்பார்கள். ஐந்து மணிக்கு மேல் ஷேர் டாக்சி கிடைப்பது கஷ்டம், தண்ணீர் கையோடு வேண்டும். கேம்ப் பாஸ் வழியாக மட்டும் போகாதீர்கள். முடிவைத் தாளில் சேர்த்தால் பதில்கள் கெடும் என்கிறார் டாக்டர். அதனால் இப்போது போகிற கேம்பிலெல்லாம் தாள்களை வாங்கிய பிறகு வாயால் சொல்கிறேன்: குமார் டாக்டரைப் பார்த்தான், இப்போது சாப்பிடுகிறான், அதே ரூமில்தான் இருக்கிறான்.

பழனியிடம் சொல்ல என்னிடம் அவன் ஊர் நம்பர் இல்லை.