நெற்றிப்பொட்டில் நின்ற கம்பு

உறையூரைத் தாண்டி நடந்துகொண்டிருந்தேன். வெயில் ஏறிவிட்டது. வலது கை தோளிலிருந்து விரல் நுனி வரை நடுங்கிக்கொண்டே இருந்தது. அதை இடது கையால் பிடித்துக்கொண்டு நடந்தேன். எதிரே சுருட்டுக் கட்டுகளோடு வந்த ஒருவர் நின்று, காய்ச்சலா என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். அவர் என் உள்ளங்கையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். முழுக்கக் கரி. என் கம்பைக் குடமுருட்டி ஆற்றுக்கு அந்தப் பக்கமே போட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். கரூரில் மூட்டை தூக்கினேன், பொன்மலையில் நிலக்கரி அள்ளினேன், ஒரு வருஷம் மாட்டு வியாபாரி ஒருவரோடு சந்தை சந்தையாக அலைந்தேன். பசித்த நாட்கள் இருந்தன. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, எல்லோருக்கும் பசித்தது. அதற்கடுத்த வருஷம் குடமுருட்டிக்கு மேற்கே ஒரு மிராசுதார் கம்பு வீசத் தெரிந்த ஆட்களைத் தேடினார். இரண்டு வேளைச் சோறு, படுக்க ஒரு கொட்டகை. போய்ச் சேர்ந்தேன்.

வேலை இதுதான். ஆற்றில் புதுத் தண்ணீர் வந்திருந்தது. மிராசுதார் தன் வயல்கள் நிரம்பும் வரை வாய்க்காலின் குறுக்கே மூங்கில், தழை, களிமண் வைத்துக் கொரம்பு கட்டியிருந்தார். சொட்டுத் தண்ணீர் கீழே இறங்காத தடுப்பு. கீழ்க் கிராமத்து நாற்றங்கால் மஞ்சளடித்துக்கொண்டிருந்தது. பாதித் தண்ணீர் அவர்களுக்கு என்பது பழைய முறை. கேட்டு வந்தார்கள், கெஞ்சினார்கள். மிராசுதாரின் காரியஸ்தர் விரட்டிவிட்டார். இனி அவர்கள் கொரம்பை உடைக்க வருவார்கள். நாங்கள் தடுக்க வேண்டும்.

எங்களுக்குத் தலைவன் என்னைவிட வயதில் சின்னவன். ஒல்லி. எப்போதும் வாயில் ஒரு கிராம்பு கிடக்கும். எல்லோரும் வாத்தியார் என்றோம், அவன் என்னை அண்ணே என்பான். சண்டைக்கு ஆள் சேர்த்த இடத்தில் அவன் வைத்திருந்த வழக்கங்கள் எனக்கு முதலில் எரிச்சலாக இருந்தன. கம்பின் நுனியில் துணி சுற்றி, கரியை எண்ணெயில் குழைத்துத் தடவுவோம். எதிராளியின் உடம்பில் கரி படவேண்டும், அடி படக்கூடாது. தோல் வரை வந்து கம்பு நின்றுவிட வேண்டும். எதிராளி கம்பைத் தவறவிட்டால், நம் கம்பைத் தாழ்த்தி, அவன் எடுக்கும் வரை காத்திருக்க வேண்டும். தவறி யாருக்காவது அடி பட்டுவிட்டால், அடித்தவனே உட்கார்ந்து எண்ணெய் தேய்த்துவிட வேண்டும், வலி போகிற நாள் வரை.

"இது சிலம்பக் களமா, பிள்ளை பெத்தவ வீடா வாத்தியாரே?" என்று பாலக்கரைக்காரன் ஒருவன் கேட்டான். எங்கள் கூட்டத்தில் வாய் அதிகம் அவனுக்கு.

வாத்தியார் சிரித்தான். "அடியை நிறுத்தத் தெரியாதவங்க எனக்குப் பின்னால நின்னுக்கங்க. முன்னால நான் நிக்கிறேன்."

நான் தினமும் தொட்டுத் தொட்டுப் பழகினேன். சோறு போடுகிறார்கள், சொன்னதைச் செய்வோம் என்றுதான்.

அவர்கள் வருவதற்கு முதல் நாள் மாலை காரியஸ்தர் வந்து எங்களிடம் பேசினார். சுற்றி வளைக்கவில்லை. ஒருத்தன் விழுந்து எழுந்திருக்காமல் போனால் போதும், அதற்கப்புறம் எவனும் வரமாட்டான் என்றார். காலையில் எழுந்து பார்த்தால் வாத்தியார் கொட்டகை வாசலில் உட்கார்ந்து கரி குழைத்துக்கொண்டிருக்கிறான். இன்றைக்குமா என்று கேட்டேன். இன்றைக்குத்தான் என்றான்.

அவர்கள் மண்வெட்டியும் தடியுமாக வந்தார்கள். முன்னால் வந்தவர் நல்ல உயரம், ஏர் பிடித்துக் காய்த்த கை. வாத்தியார் எங்களைக் கொரம்பின் மேலேயே நிற்கச் சொல்லிவிட்டுத் தான் மட்டும் இறங்கினான். அதற்கப்புறம் நடந்ததை நான் கண் இமைக்காமல் பார்த்தேன். சுற்றி வந்தவர்களின் தடிகள் காற்றில் போயின. ஒருவர் தொண்டையில் கரி. ஒருவர் மார்பின் நடுவில். இன்னொருவருக்குக் காதுக்குக் கீழே. ஒவ்வொன்றும் ஆள் செத்துப்போகிற இடம். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, கரியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, அப்படி அப்படியே நின்றுவிட்டார்கள்.

உயரக்காரர் மட்டும் நிற்கவில்லை. "என் நாத்து செத்துக்கிட்டு இருக்கு. நீ பொட்டு வச்சு விளையாடுறியாடா?" என்று பாய்ந்தார். அவர் கையிலிருந்த தடி தெறித்துப் போய்ச் சேற்றில் விழுந்தது.

வாத்தியார் கம்பைத் தாழ்த்தினான்.

இது களம் இல்லை என்று கத்த நினைத்தேன். அவன் களத்தில் நிற்பது போலவே, கம்பு நுனி தரையில் பட, அவர் எடுப்பதற்காகக் காத்து நின்றான். அவர் குனிந்தார், எடுத்தார், அடித்தார். சுள்ளி முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. வாத்தியாரின் காறை எலும்பு.

நான் குதித்தது நினைவில்லை. அந்த மனிதரின் தலையைப் பிளக்க வேண்டும் என்று மட்டும் நினைத்தது நினைவிருக்கிறது. உடம்பில் இருந்த பலம் முழுவதையும் போட்டு வீசினேன். கம்பு அவருடைய நெற்றிப்பொட்டு வரை போய் நின்றது.

நான் நிறுத்தவில்லை. இதை எத்தனை பேரிடம் சொல்லியும் யாரும் நம்பவில்லை. என் மனசில் நிறுத்துகிற எண்ணமே இல்லை. கை நின்றுவிட்டது. அவர் நெற்றிப்பொட்டில் ஒரு கரிப் பொட்டு, அவ்வளவுதான். அவர் கண்கள் எனக்கு ஒரு கம்பு தூரத்தில் இருந்தன. யார் அதிகமாகப் பயந்தோம் என்று தெரியாது. எனக்குக் கை நடுங்கத் தொடங்கியது அப்போதுதான்.

கீழேயிருந்து வாத்தியாரின் குரல் வந்தது. "அண்ணே, கம்பை இறக்குங்க." பிறகு அந்த மனிதரிடம், "நீங்கதானே அடிச்சீங்க? எண்ணெயும் நீங்கதான் தேய்க்கணும். கொட்டகையில கிண்ணம் இருக்கு."

"என்னய்யா சொல்றே?"

"எங்க வழக்கம் அது."

அவர் தடியைப் போட்டுவிட்டு நின்றார். அவருடைய ஆட்களில் ஒருவர் ஓடிப் போய்க் கிண்ணத்தை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தார். அவர் சேற்றில் மண்டியிட்டு, எலும்பு முறிந்த இடத்தை விட்டுச் சுற்றிலும் எண்ணெய் தடவினார். அவ்வளவு பெரிய விரல்கள் அவ்வளவு மெதுவாக நகர்ந்து நான் பார்த்ததில்லை. வாத்தியார் வலியில் கிராம்பைக் கடித்துத் துப்பினான்.

அப்புறம் எங்களைப் பார்த்து, கொரம்பைப் பாதி பிரித்து விடச் சொன்னான். யாரும் அசையவில்லை. மிராசுதார் துரத்திவிடுவார் என்றான் பாலக்கரைக்காரன்.

"துரத்தட்டும். யார் சொன்னான்னு கேட்டா என்னைக் காட்டுங்க."

பிரித்தோம். இரண்டு பக்கத்து ஆட்களும் ஒரே தழையை இழுத்தோம். தண்ணீர் கலங்கலாக இறங்கி, வாய்க்காலில் வெடித்துக் கிடந்த மண்ணை நனைத்துக்கொண்டு கிழக்கே போயிற்று.

காரியஸ்தர் வண்டியில் வந்து இறங்கியபோது வாத்தியாரைக் கயிற்றுக் கட்டிலில் கிடத்தியிருந்தோம். கீழ்க் கிராமத்துக்காரர்கள்தான் கட்டில் கொண்டுவந்தார்கள். உறையூர் எலும்பு வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு போகப் புறப்பட்டிருந்தார்கள். எல்லாம் தன் உத்தரவு, மற்றவர்கள் மேல் குற்றமில்லை என்று வாத்தியார் படுத்தபடியே சொன்னான். காரியஸ்தர் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"நீதான் இவங்கள்ல மூத்தவன். நீ கம்பு வீசினதை வண்டியிலேர்ந்தே பார்த்துட்டுத்தான் மிராசுதார்கிட்ட சொல்லப் போனேன். இனிமே நீ தலைமை. கொரம்பை மறுபடி கட்டு. இவன் மாதிரி விளையாடிக்கிட்டு இருக்காதே."

அவர் பார்த்தது நான் வீசியதை. நின்றதை அவர் பார்க்கவில்லை. எங்கள் ஆட்கள் என் வாயையே பார்த்தார்கள். நான் ஆமென்றால் கட்டுவார்கள், கீழே நாற்று சாகும், நாளைக்கு மறுபடி தடியோடு வருவார்கள். அப்போது என் கை நிற்கும் என்று யார் சொல்ல முடியும்? முன்னால் நிற்பது என்றால் என்ன என்பதை அன்று காலை பார்த்துவிட்டேன். அது எனக்கு வராது என்று பட்டது. அவருக்கு முதுகைக் காட்டி நடக்கத் தொடங்கினேன்.

உறையூரைத் தாண்டி, சிந்தாமணி வழியாகப் பாலத்துக்கு வந்தேன். காவிரி இரு கரையும் தொட்டு ஓடியது. மாம்பழச் சாலையில் ஒரு தண்ணீர்ப் பந்தலில் மோர் கொடுத்தார்கள். பாதி மார்பில் சிந்திற்று. அம்மா மண்டபத்துப் படித்துறைக்குப் போய்ப் படுத்தேன். தூங்கினேனா என்று தெரியவில்லை. அந்தக் கரிப் பொட்டு மட்டும் கண்ணை விட்டுப் போகவில்லை.

விடிந்ததும் யாரோ காலைத் தட்டினார்கள். பாலக்கரைக்காரன். ஆடிக்கு இங்கே ஆள் எடுப்பார்கள் என்று முன்பு சொன்னவனே அவன்தான்.

"என்னண்ணே, பேசாம கிளம்பிட்டீங்க? உங்களுக்கப்புறம் என்னைக் கேட்டாரு. எங்க எல்லாரையும் கேட்டாரு. ஒருத்தனும் தலையாட்டலை."

தண்ணீர் இன்னும் போகிறதா என்று கேட்டேன். போகிறது என்றான். வாத்தியார் வைத்தியர் வீட்டில் கட்டோடு படுத்திருக்கிறானாம். இனி கம்பு தூக்க முடியுமா என்று வைத்தியர் சொல்லவில்லையாம். அந்த உயரக்காரர் எண்ணெய்க் கிண்ணத்தோடு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாராம், வீட்டுக்குப் போங்கள் என்றாலும் போகவில்லையாம். இதைச் சொல்லும்போது பாலக்கரைக்காரன் கேலி எதுவும் செய்யவில்லை.

ஆடிப்பெருக்கு நெருங்கிக்கொண்டிருந்தது. படியெல்லாம் கூட்டம். படித்துறை ஏற்பாடுகளைக் கவனித்துக்கொண்டிருந்த ஸ்ரீரங்கத்துக்காரர் ஒருவர் ஆள் தேடினார். நெற்றியில் திருமண் பளிச்சென்று இருந்தது.

"நீஞ்சத் தெரியுமோ?"

"தெரியும்ங்க. கம்பும் பிடிப்பேன்."

"கம்பு பிடிச்சு இங்க யாரோட சண்டை? கடைசிப் படியில நில்லு. பாசி வழுக்கும். யாராவது தவறினா மூங்கிலை நீட்டணும். அவசரத்துல தலையில போட்டுடாதே. பெருமாள் இங்க எழுந்தருள்ற வரைக்கும் வேலை உண்டு, பிரசாதமா ததியோன்னமும் உண்டு."

நீளமான பச்சை மூங்கில் ஒன்றைக் கொடுத்தார். நுனி கூராக வெட்டுப்பட்டிருந்தது. தோள் துண்டைக் கிழித்து நுனியில் சுற்றி இறுக்கிக் கட்டினேன். இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி நின்றேன்.