தும்புத்தடியோடு கொழும்புக்குப் போனவள்

என் தங்கச்சி சுதர்ஷினிக்குப் பதினேழு வயது. அடியில் சக்கரம் பூட்டிய சில்லுச் சப்பாத்துப் போட்டு, பாட்டுக்கு ஏற்பச் சுழன்று பாயும் சறுக்கல் ஆட்டக்காரி. எங்கள் கடற்கரை ஊரான சல்லியில் அதற்கு மண்டபம் கிடையாது. அப்பா கருவாடு காயவைக்கும் சீமெந்துத் தளந்தான் அவளுடைய அரங்கு. பின்னேரம் நான்கு மணிக்குக் கருவாட்டை அள்ளிய பிறகு தளம் அவளுக்கு.

ஒரு மீன்செதிள் போதும், சில்லு இறுகி ஆளைத் தூக்கி எறிந்துவிடும். அதனால் முதலில் முழுத் தளத்தையும் தும்புத்தடியால் கூட்டுவாள். ஒரு மூலையில் தொடங்கி, வெடிப்பு வெடிப்பாகப் பார்த்து, மறுமூலை வரை. அரை மணித்தியாலம் போகும். பிறகுதான் ஆட்டம். காற்றில் ஒன்றரைச் சுற்றுச் சுற்றி ஒற்றைக் காலில் இறங்கும் பாய்ச்சலில் பத்துக்கு ஒன்பது தரம் நிற்பாள்.

கொழும்புப் போட்டியில் மட்டும் போன இரண்டு வருடமும் அதே பாய்ச்சலில் விழுந்தாள். முறை வருமுன்பே விரல்கள் நடுங்கி, பாட்டை முந்திக்கொண்டு பாய்ந்துவிட்டாள். இரண்டாம் முறை திரும்பி வரும் பஸ்ஸிலேயே சொல்லிவிட்டாள்:

"அண்ணா, அடுத்தமுறையும் விழுந்தா சப்பாத்தைக் கழட்டிப்போடுவன். பிறகு ஒருத்தரும் ஆடச் சொல்லக்கூடாது."

எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான். படித்தவன் சும்மா இருப்பானா? பதற்றத்தை வெல்வது எப்படி என்று பதினொரு பக்கம் அச்செடுத்துக் கொடுத்தேன். அப்பா எட்டிப் பார்த்தார். "இதை வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள அவளுக்குப் புதுசா ஒரு பதட்டம் வரும்."

இந்த வருடம் போட்டிக்கு ஒரு கிழமை இருக்கையில் எனக்கு இன்னொரு யோசனை. கூட்டிக் கூட்டிப் பிள்ளை ஏன் களைக்க வேண்டும்? நானும் அப்பாவும் கூட்டினோம். அவளைக் கதிரையில் இருத்தினோம். தளம் கண்ணாடிபோல் கிடந்தது. அன்று ஐந்து தரம் விழுந்தாள். அடுத்த நாள் ஆறு. மூன்றாம் நாள் கதிரையில் இருக்கும்போதே அவளுடைய விரல்கள் நடுங்கின. கொழும்பில் நான் கண்ட அதே நடுக்கம்.

திடீரென்று எழும்பினாள். "அண்ணா, அங்கயும் முறை வரும்வரைக்கும் இப்பிடித்தானே கதிரையில இருத்தி வைக்கிறாங்கள்! தாங்கோ தடியை."

நாங்கள் கூட்டிய தளத்தையே மறுபடி கூட்டினாள். கூட்டி முடிக்கையில் நடுக்கம் போயிருந்தது. பாய்ந்தாள். நின்றாள்.

"ரெண்டு ஆம்பிளையள் சேந்து கூட்டி ஒரு பிள்ளைய விழுத்திப்போட்டம்," என்றார் அப்பா.

தும்புத்தடி எங்களோடு கொழும்பு பஸ் ஏறியது. "ஏன் தங்கச்சி, கொழும்பில தும்புத்தடி இல்லையோ?" என்றார் நடத்துநர்.

"இருக்கும் அண்ணை. எனக்குப் பழக்கமில்லாதது."

மண்டபத்தில், அவளுடைய முறைக்கு முன்னால் மதிய இடைவேளை. தரையைக் கூட்டட்டுமா என்று ஏற்பாட்டாளரிடம் கேட்டாள். அதற்கு ஆள் இருக்கிறதே மகள் என்று அவர் சிங்களத்தில் சிரித்தார். தனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் இவள் விடாமல் நின்றாள். கடைசியில் உன் இஷ்டம் என்று வழிவிட்டார். மினுங்கும் உடுப்போடு நின்ற பிள்ளைகள் கைபேசியில் படம் எடுத்தார்கள். எனக்கு முகம் சுட்டது. அவள் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. மூலையிலிருந்து மூலைக்கு, எங்கள் தளத்தைக் கூட்டுவதுபோலவே கூட்டினாள்.

பிறகு பாட்டுத் தொடங்கியது. பாட்டில் பாய வேண்டிய இடம் வரும்வரை பொறுத்திருந்தாள். பாய்ந்தாள். ஒற்றைக் காலில் இறங்கி, அப்படியே வழுக்கிக்கொண்டு போனாள். கடைசிச் சுழற்சியில் கொஞ்சம் தள்ளாடினாலும் ஆட்டம் நிற்கவில்லை. நான்தான் அழுதுகொண்டு நின்றேன்.

அப்பாவுக்கு அழைப்பு எடுத்தேன்.

"விழுந்திட்டாளோ?"

"இல்லையப்பா."

"கூட்டினாளோ?"

"ஓம்."

"அப்ப சரி." வைத்துவிட்டார்.

ஐந்து நிமிடத்தில் அவரே எடுத்தார். பின்னால் கரைவலைக்காரரின் இரைச்சல். "டேய், எத்தினையாம் இடமெண்டு கேக்க மறந்துபோனன். இவங்கள் என்னை ஏசுறாங்கள்."

"மூண்டாம் இடம் அப்பா. பதக்கம் கழுத்தில கிடக்கு."

கரையே கூவியது கேட்டது. சுதர்ஷினி என் கையிலிருந்து கைபேசியைப் பறித்தாள்.

"அப்பா, நாளைக்குத் தளத்தை ஒருத்தரும் கூட்டிப்போடாதேங்கோ. நான் வாறன்."