பன்னிரண்டு மணித் தபால்

செம்பூரில் என் ஃபிளாட்டுக்குள் நேற்று முழுக்கக் காவல் இருந்தேன். 'உங்கள் பார்சல் காலை ஒன்பதுக்கும் இரவு ஒன்பதுக்கும் இடையில் வந்து சேரும்' என்று கைப்பேசியில் செய்தி. எவ்வளவு துல்லியம் பாருங்கள்! குளிக்கப் போகக்கூடப் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். பிரித்தால் காபிப்பொடி. காகித வாசனையும் காபி வாசனையும் கலந்து மூக்கில் ஏறியதும் எனக்கு அறுபதுகளின் பம்பாய் மாதுங்கா நினைவுக்கு வந்துவிட்டது.

அப்போது எங்கள் கட்டடத்துக்குத் தினம் இரண்டு முறை தபால் வரும். காலை எட்டேகால், பகல் பன்னிரண்டு. தபால்காரர் சாவந்த் மராத்திக்காரர். "மாமி, லெட்டர் வந்துடுத்து!" என்று கூப்பிடும் அளவுக்கு எங்கள் மாமிகளிடம் தமிழ் கற்றிருந்தார். நான் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துப் பெண். தமிழில் என் பெயரைத் தாண்டி எழுத்துக்கூட்ட வராது. அந்தப் புலமைதான் அம்மாவுக்கு வசதியாக இருந்தது.

ஏனென்றால் பன்னிரண்டு மணித் தபாலில் பாலக்காட்டிலிருந்து அம்மாவின் அண்ணா, என் மாமாவின் கடிதம் வரும். எந்த ரயிலுக்குப் போட்டால் எந்த டெலிவரியில் வரும் என்பது அண்ணனுக்கும் தங்கைக்கும் மனப்பாடம். அந்த நேரத்தில் அப்பா ஃபோர்ட் பக்கத்து ஆபீஸில் இருப்பார். மத்தியானப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்ப நான் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். அம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து, மூக்குப்பொடி வாசனை வீசும் இன்லண்ட் லெட்டரைப் பிரிப்பாள். படித்து முடித்ததும் அது காபிப்பொடி டின்னுக்கு அடியில் போய்விடும். தினம் இரண்டு வேளை காபி குடித்தாலும் அப்பா சமையலறைக்குள் எட்டிப் பார்த்ததில்லை என்பதால் உலகத்திலேயே பத்திரமான இடம் அதுதான்.

இத்தனை ரகசியம் எதற்கு என்கிறீர்களா? சித்தி கல்யாணத்தில் மாமா அப்பாவை இரண்டாம் பந்தியில் உட்கார வைத்துவிட்டாராம். "இனிமே அவன் கடுதாசி இந்தாத்துப் படி ஏறப்படாது" என்று அப்பா உத்தரவு போட்டிருந்தார். நாடுகள் இதைவிடச் சின்னக் காரணத்துக்குச் சண்டை போட்டிருக்கலாம், எனக்குத் தெரியவில்லை.

இப்படி இருக்கும்போது ஒரு நோட்டீஸ் வந்தது. பொதுமக்களின் வசதியை முன்னிட்டுப் பன்னிரண்டு மணி டெலிவரி நிறுத்தப்படுகிறது. எல்லாத் தபாலும் இனி எட்டேகாலுக்கு. இரண்டில் ஒன்றைப் பிடுங்கினால் வசதி பெருகும் என்று கண்டுபிடித்த மேதைக்கு நிச்சயம் பதவி உயர்வு கிடைத்திருக்கும். எட்டேகாலுக்கு அப்பா வாசலில் உட்கார்ந்து ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டிருப்பார்.

அம்மா அன்றே ஆரம்பித்தாள். "ஏன்னா, மத்தியான டெலிவரியை எடுத்துடறானாமே. தட்டிக் கேக்க இந்தக் கட்டடத்துல ஆளே இல்லையா?"

"யார் சொன்னா ஆளில்லேன்னு? ஒரு டிராஃப்ட் போடறேன் பாரு."

மாதுங்காவில் அன்று புரட்சி என்றால் டிராஃப்ட்தான். ஞாயிற்றுக்கிழமை கட்டடத்து மாமாக்கள் எல்லாரும் எங்கள் வீட்டில் கூடினார்கள். 'பணிவுடன் வேண்டுகிறோம்' என்பதா, 'வலியுறுத்துகிறோம்' என்பதா என்று இங்கிலீஷில் மூன்று ஞாயிறு விவாதித்தார்கள். அம்மா சலிக்காமல் காபி போட்டாள். மனு போய்ச் சேர்ந்தபோது புது நேரம் அமலுக்கு வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

இதில் அம்மா செய்த தப்பு ஒன்றுதான். அப்பாவின் இங்கிலீஷை அவ்வளவு நம்பினாள். கொஞ்ச நாள் எழுதாதே என்று மாமாவுக்கு ஒரு கார்டுகூடப் போடவில்லை.

ஒரு காலை சாவந்த் இரண்டு கடிதங்களை அப்பா கையிலேயே கொடுத்தார். ஒன்று மனுவுக்குப் பதில்: பொதுமக்களின் வசதிக்காகவே இந்த ஏற்பாடு. மற்றது இன்லண்ட் லெட்டர். அப்பா தும்மினார். அனுப்பியவர் பெயரை அவர் படித்திருக்கவே வேண்டாம். அம்மா சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வசதியாம், வசதி! மடையன், ரெண்டு வரியில மூணு தப்பு" என்று பதிலைக் கசக்கிப் போட்டார் அப்பா. இன்லண்டை ரேடியோ மேல் வைத்தார். குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அம்மா அதைத் தொடவில்லை. பன்னிரண்டு அடித்த பிறகுதான் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பிரித்தாள்.

மறுநாள் ஏழே முக்காலுக்கே அப்பா ஷூ போட்டுவிட்டார். "எட்டு மணி வண்டில கூட்டமே இல்லையாம். இனிமே அதுலதான்." ரிட்டயராகும்வரை அதில்தான் போனார். மாமாவை மன்னித்துவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டாம் பந்தி இரண்டாம் பந்திதான்.

நானும் வேலைக்குப் போக ஆரம்பித்து, ஒருநாள் அந்த எட்டு மணி லோக்கல் ரயிலில் ஏறினேன். டிபன் டப்பா நசுங்கியது, செருப்பு ஒன்று போயிற்று. தாணேயிலிருந்தே பிதுங்கி வழிந்துகொண்டு வரும் வண்டி அது. தொங்கிக்கொண்டு போகும்போதுதான் எனக்கு அப்பா புரிந்தார்.

அந்தக் கட்டடத்தை இடித்து டவர் கட்டியாகிவிட்டது. என் மருமகளுக்கு அவள் அண்ணனிடமிருந்து நாள் முழுக்கச் செய்தி வந்து விழுகிறது. எங்கள் எல்லார் முன்னாலும் படித்துச் சிரிக்கிறாள். ரொம்ப வசதி. அவள் படிக்க வேண்டும் என்று யாரும் முன்னதாகவே கிளம்பி எட்டு மணி வண்டியில் நசுங்க வேண்டியதில்லை.