கப்பலுக்கும் ஒரு பாடு

கரை ஒதுங்கிய பெரிய உயிர்களை மூக்கைப் பொத்திக்கொண்டு அளப்பவனுக்கு ஊரில் மரியாதை உண்டு. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்காரத்தான் ஆள் கிடைக்காது.

எழுபதுகளின் கடைசியில் மீன்வளத் துறையில் கள உதவியாளனாகப் பழவேற்காட்டுக்கு வந்தேன். ஒரு டேப், ஒரு சைக்கிள், ஒரு கட்டுப் படிவம். ஏரிக்கரையிலும் கடற்கரையிலும் எது செத்து ஒதுங்கினாலும் என் தலையில்தான். பெரும்பாலும் ஓங்கில், அதாவது நீங்கள் டால்பின் என்று சொல்வது. படிவம் நிரப்பியே வயிறு வளர்த்த என் இனத்தாரே, மிச்சத்தை உங்களிடம்தான் சொல்லி அழ முடியும்.

காரணம் என்ற கட்டம்

படிவத்தில் ‘இறப்புக்குக் காரணம்’ என்று ஒரு கட்டம். வலை, படகு, நோய், முதுமை என்ற நான்கில் ஒன்றுக்கு டிக் அடிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மழைத் தண்ணீர் முகத்துவாரத்தை உடைத்துக்கொண்டு கடலில் விழும். ஏரி இறால் வெளியே போகும், அதைத் தேடி ஓங்கில்கள் குட்டிகளோடு கரைப்பக்கம் வரும். அதே நேரம் பார்த்துப் பட்டாளத்துக் கப்பல் ஒன்றும் வரும். தண்ணீருக்கடியில் சத்தத்தை அனுப்பி, அது மோதித் திரும்புவதை வைத்து நீர்மூழ்கிக் கப்பலைத் தேடிப் பழகும். அது வந்துபோன மறுநாள் மணலில் ஓங்கில்கள் கிடக்கும். வலைத் தழும்பு இருக்காது, படகு வெட்டு இருக்காது, நோயும் தெரியாது.

இரண்டு வருஷம் ‘முதுமை’ என்று எழுதினேன். மூன்றாம் வருஷம் ஒரு குட்டிக்கு முதுமை என்று எழுதக் கை வரவில்லை. கட்டத்துக்கு வெளியே ‘சத்தம்’ என்று எழுதி அனுப்பினேன். மேலதிகாரி கூப்பிட்டார். அவர் முதுகுக்குப் பின்னால் மூன்று டைப்ரைட்டர்கள் போட்டி போட்டுக்கொண்டிருந்தன. கத்தித்தான் பேசினார்: “யோவ், இந்தச் சத்தத்துல பதினெட்டு வருஷமா நானே உயிரோட இருக்கேன். அவ்வளவு பெரிய கடல்ல இருக்கிற ஓங்கில் சாகுமா?”

துடுப்பில் கேட்டது

ஏரிக்குள் தீவாகக் கிடக்கும் பசியாவரத்தின் நாட்டார் எல்லப்பன் என்னைத் தன் படகில் ஏற்றிக்கொண்டு போனார். ஊர்ப் பஞ்சாயத்தில் அவர் சொன்னதுதான் முடிவு. அங்கே மீன் கூட்டம் எங்கே என்று பார்க்கத் துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு, மறு முனையைக் காதில் வைத்துக் கேட்பார்கள். “நீயும் கேளு சார்” என்று துடுப்பை நீட்டினார். கப்பல் தூரத்தில் ஒரு புள்ளியாகத் தெரிந்தது.

காதில் வைத்தேன். பாத்திரக் கடையில் யாரோ என் தலையைத் தவலைக்குள் விட்டு வெளியே சுத்தியலால் அடித்தது போல இருந்தது. பல் கூசித் துடுப்பைப் போட்டுவிட்டேன். அது எல்லப்பன் காலில் விழுந்தது. அவர் காலைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்: “உனக்கு வலிச்சதும் துடுப்ப போட்டுட்ட சார். ஓங்கிலுக்கு ஒடம்பே காது. அது எத்த போடும்?”

ரஹீம் பாய் கடை லுங்கி

அடுத்த ஐப்பசியில் ஒரு தாயும் குட்டியும் உயிரோடு ஒதுங்கின. ஈரத்துணி போர்த்தினால்தான் தோல் வெடிக்காது. பழவேற்காட்டில் துணிக்கடை வைத்திருந்த ரஹீம் பாய் படகில் ஒரு கட்டுப் புது லுங்கி கொண்டுவந்து இறக்கினார். தாய்க்குப் பச்சைக் கட்டம், குட்டிக்கு நீலக் கட்டம். “சுத்தப் பருத்தி சார், சாயம் போகாது” என்று அந்த நிலையிலும் சரக்கைப் புகழ்ந்தார்.

தாய் மதியத்துக்குள் செத்துப்போனது. குட்டியை எட்டு பேர் கழுத்தளவுத் தண்ணீர் வரை தூக்கிப்போய் விட்டோம். திரும்பி வந்தது. மறுபடி விட்டோம், மறுபடி வந்தது. மூன்றாம் முறை வந்தபோது நான் மணலில் உட்கார்ந்து அழுதேன். டேப்பை எடுக்கவே இல்லை. ரஹீம் பாய் நனைந்த லுங்கியைப் பிழிந்தபடி சொன்னார்: “அம்மா இங்க கெடக்குது. அது எங்க சார் போவும்?”

கோயிலில் கட்டிய பீப்பாய்

மறுநாள் காலை எல்லப்பன் வலையில் ஒரு ஆரஞ்சு நிறப் பீப்பாய் மாட்டியது. அடியில் நீளமாக வயர். கப்பல்காரர்கள் சத்தம் கேட்க மிதக்க விட்டது என்று எனக்குப் புரிந்தது. ஊருக்கு அப்படிப் புரியவில்லை. பழவேற்காட்டில் பாடு என்று ஒரு முறை உண்டு. ஏரியில் நல்ல இடங்களுக்கு இன்றைக்கு இன்னார், நாளைக்கு இன்னார் என்று ஊர் கூடி முறை வைக்கும். முறை இல்லாமல் வலை போட்டவனின் வலையைப் பிடுங்கிக் கோயிலில் கட்டிவிடுவார்கள். அவன் கூட்டத்துக்கு வந்து தப்பை ஒப்புக்கொண்டால்தான் கிடைக்கும்.

மிதவை இருந்து கீழே கயிறும் தொங்கினால் அது வலை என்பது பசியாவரத்துச் சட்டம். பீப்பாயை அம்மன் கோயில் தூணில் கட்டிவிட்டார்கள். “இது வெடித்தால் என்ன செய்வீர்கள்?” என்று தூரத்தில் நின்று கேட்டேன். எல்லப்பன் முடிச்சை இறுக்கினார்: “வெடிச்சா வெடிக்கட்டும் சார். மொற இல்லாம போட்டவன் மொதல்ல வந்து பதில் சொல்லட்டும்.”

ஓங்கிலின் கையெழுத்து

இரண்டு நாளில் கப்பல் அதிகாரி ஒருவர் வந்தார். இளவயசு, வெள்ளை உடுப்பு, முழங்கால் வரை சேறு. அரசாங்கச் சொத்து என்றார், ஜெயில் என்றார். ஊர் பொறுமையாகக் கேட்டுவிட்டு உட்காரச் சொன்னது. அவர் என்னைத் தனியே அழைத்து வேறு வழி இல்லையா என்றார். “தொலைந்ததாக எழுதிக் கொடுக்கலாம் சார்” என்றேன். தொலைந்த பொருளுக்கான படிவம் ஒன்பது பிரதி, பிறகு விசாரணை, பிறகு விளக்கம். அவர் முகத்தில் நம் இனத்து வேதனையைப் பார்த்தேன். திரும்பிப் போய் ஊர் நடுவில் மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

இரு தரப்பும் கையெழுத்துப் போட்டால் பீப்பாய் கிடைக்கும் என்று தீர்ப்பு சொன்னார்கள். ஐப்பசி, கார்த்திகை ஓங்கில் பாடு. மிச்ச மாசம் கப்பல் பாடு. பயிற்சிக்குத் தேதி குறிப்பவன் தான்தான் என்று ஒப்புக்கொண்டு அதிகாரி கையெழுத்துப் போட்டார். ஓங்கில் தரப்பில் யார் போடுவது என்று கேள்வி வந்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் உத்தியோக வாழ்க்கையில் மனசாரப் போட்ட கையெழுத்து அது ஒன்றுதான்.

அடுத்த ஐப்பசி முழுக்க டேப்போடு காத்திருந்தேன். ஒன்றும் ஒதுங்கவில்லை. துடுப்பில் காதை வைத்தால் தண்ணீர்தான் கேட்டது. கார்த்திகையும் அப்படியே போனது. அந்த அதிகாரிக்கு மாற்றல் ஆகிவிட்டது, காகிதம் மட்டும் ஃபைலில் தங்கிக் கப்பலுக்கு விதியாகிவிட்டது என்று பிறகு தெரிந்தது. மார்கழி முதல் நாள் தூரத்தில் கப்பல் தெரிந்தது. எல்லப்பன் கையை நெற்றியில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்தியாகச் சொன்னார்: “அவன் மொறைக்கு கரெக்டா வந்துட்டான் பாரு சார். மானஸ்தன்.”

நான் எழுதிய அறிக்கைகள் எதற்கும் அசையாத கப்பல், ஒன்பது பிரதி படிவத்துக்குப் பயந்து ஓங்கிலுக்கு வழிவிட்டது.