மூன்று வாரம் பிந்திய வட்டு

நாரின் என்ற குளிர் மலையூரில், புற்றுநோய்க்குக் கதிர் வைக்கும் சிறு பிரிவொன்றின் கணினிகளை மைராம்குல் பதினோரு ஆண்டாகப் பார்த்துவந்தாள். யாருக்கு எத்தனை முறை கதிர் வைத்தாயிற்று என்ற பதிவு முழுவதும் ஒரு பெட்டிக்குள், ஒன்றுபோல் ஒன்றான இரண்டு சேமிப்பு வட்டுகளில் இருந்தது. எழுதுவதெல்லாம் இரண்டிலும் ஒருசேர விழும். ஒன்று படுத்தால் மற்றது தாங்கும். இணையிலிருந்து பிரிந்துபோன வட்டு மறுபடி தட்டுப்பட்டால், ஓடும் வட்டைப் பார்த்து அதை முதலிலிருந்து எழுதி நிரப்பும்படி அவளே ஏற்பாடு செய்திருந்தாள். மின்சாரம் நினைத்தபோது போகும் ஊரில் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

அன்று காலையும் மின்சாரம் போய் வந்தது. திரை ஏறியது. வட்டின் இடத்தைப் பிரித்து வைத்த பகுதிகள் எல்லாம் அளவு மாறாமல் இருந்தன. ஒரு பிழைகூட இல்லை. ஆனால் கடைசிப் பதிவு அக்டோபர் பதினான்கு. சுவரில் நவம்பர் நான்கு.

"திரைதான் வருதே, ஆரம்பிக்கட்டுமா?" என்றார் மருத்துவர் தோக்தோசுன். "வெளிய ஒன்பது பேர் காத்திருக்காங்க. உனக்கு சூரியன் கிழக்க உதிச்சாலும் சந்தேகம்தான்."

"யாரையும் உள்ள விடாதீங்க அண்ணே."

பெட்டியின்மேல் தடித்த கம்பளி விரிப்பு கிடந்தது. தூசிக்காக என்று நினைத்து, முன்பு பார்த்தபோது அதை அவளே பாராட்டியிருந்தாள். இழுத்ததும் கீச்சென்று அபாய ஒலி கிளம்பியது.

"மூணு வாரமா கத்துதுக்கா," என்றாள் செவிலி புருல்சா. "இருக்கிற நோவு போதாதுன்னு, இது யாருக்கு ஒப்பாரி வைக்குதுன்னு கேக்கறாங்க. அதான் நம்ம வீட்டு விரிப்பைப் போட்டேன்."

மைராம்குலுக்குப் புரிந்துவிட்டது. மூன்று வாரம் முன்பே ஒரு வட்டு பிரிந்து, அன்றைய தேதியோடு நின்றிருக்கிறது. இன்று குளிரில் நல்ல வட்டு சுழலத் தாமதித்தது. பழையது முந்தி எழுந்து, நானே உண்மை என்று உட்கார்ந்துகொண்டது. தான் மூன்று வாரம் பிந்தியிருப்பது அதற்குத் தெரியாது. பொய் சொல்கிறோம் என்று தெரியாதவனின் பொய்யில் தடுமாற்றம் இருப்பதில்லை.

பிந்தி வந்த நல்ல வட்டை அவளுடைய ஏற்பாடே சேர்த்துக்கொண்டு, பழையதைக் கொண்டு அழித்தெழுதிக்கொண்டிருந்தது. ஏழு விழுக்காடு. எட்டு. நோயாளிகளின் பகுதி எட்டில்தான் தொடங்குகிறது.

வட்டின் எண்ணைச் சரிபார்த்து, நல்லதன் கம்பியைப் பிடுங்கினாள். ஒன்பதில் நின்றது.

அதை வேறு கணினியில் பொருத்தி, எதுவும் எழுதாமல் படிக்க மட்டும் திறந்தாள். எட்டுப் பேரின் பக்கங்கள் நேற்றுவரை முழுதாக இருந்தன. எல்லோருக்கும் முன்னால் சேர்ந்ததால் பகுதியின் தொடக்கத்திலேயே இருந்த சதிபால்டியின் பக்கம் மட்டும் அழித்தெழுதப்பட்டு அக்டோபர் பதினான்கில் நின்றது. ஆறு முறை என்றது.

"ஆறா? நேத்துகூட நான்தானே வச்சேன்," என்றார் தோக்தோசுன். குரலில் கேலி போயிருந்தது. "நடுவுல காய்ச்சல்னு சில நாள் விட்டோம். எத்தனை நாள்?"

"அதையும் பெட்டியிலதான் எழுதினோம்," என்றாள் புருல்சா.

மைராம்குல் வெளியே போய்க் கிழவர் சதிபால்டியின் அருகில் உட்கார்ந்தாள். "இதுவரைக்கும் எத்தனை தடவை வச்சிருக்காங்க, தாத்தா?"

"நான் எதுக்கு எண்ணணும் மகளே? அதான் உள்ள பெட்டி இருக்கே," என்று சிரித்தார். தன்னைத்தான் கூப்பிட வந்திருக்கிறாள் என்று எண்ணி, சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார். கழுத்தின் தோல் கறுத்து உரிந்திருந்தது. ஆறு முறையில் அப்படி ஆகாது. ஆனால் எத்தனை முறையில் ஆகும் என்று அதைப் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது.

அவள் அந்தப் பொத்தானை மறுபடி போட்டுவிட்டாள்.