பசித்த தண்ணீர்

பாம்பணையையும் துறந்து, அலையோசை கேட்கும் கரையில் வெறுந்தரைமேல் கண்வளரும் கடல்மல்லைப் பெருமானே, நீர்வண்ணனே, இந்தச் சிறிய எழுத்துக்கு நீயே துணை. இன்று புரட்டாசிச் சனிக்கிழமை; ஏகாதசியும் கூடி வந்திருக்கிறது. துளசி சாற்றி வணங்கிவிட்டு, மறைந்த என் சம்பந்தியை, என் மருமகளைப் பெற்றவரை, நினைந்து இதனைத் தொடங்குகிறேன்.

அவரை நினைத்தால் வண்டிச் சாவியொன்று குழாயைக் கீறிய கணமே முதலில் கண்முன் வருகிறது. அன்று மருமகளுக்கு வளைகாப்பு. செங்கல்பட்டு ஏரிக்கு அருகில் உள்ள எங்கள் பழைய வீட்டில், இலை போட்டாயிற்று என்று சொல்ல அவரைத் தேடிக் கொல்லைப்புறம் போனேன். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீர்த் தொட்டியின் கீழே குந்தியிருந்தார். சாவிமுனை பட்ட இடத்தில் அந்தக் கருத்த குழாய் வெள்ளியைப் போல மின்னியது. அவர் முகத்தில் மட்டும் ஒளியில்லை.

சம்பந்தி படாளத்துக்காரர், குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேதியியலராக இருந்து ஓய்வு பெற்றவர். எவர் வீட்டுக்குப் போனாலும் குழாயைத் திறந்து பார்ப்பது அவர் வழக்கம். "சம்பந்தி மாப்பிள்ள பாக்க வந்தப்பவே மாப்பிள்ளையப் பாக்கல, கொழாயத்தான் பாத்தாரு" என்று என் நாத்தனார் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அன்று அவர் சிரிப்புக்கு இடம் தரவில்லை.

"சம்பந்தியம்மா, மேல இந்த மெஷினு எப்ப வெச்சீங்க?"

"உங்க பொண்ணு மசக்கையில இருந்தப்ப. அவ நல்ல தண்ணி குடிக்கட்டுமேன்னு" என்றேன்.

எங்கள் கிணற்றுநீர் பருப்பை வேகவிடாது. பாத்திரங்களில் வெள்ளையாகப் படியும். அதனால் என் கணவர் உப்பு நீக்கும் இயந்திரம் ஒன்றைத் தொட்டிக்கு மேல் பொருத்தினார். இனிய நீர் வந்தது. வந்த வழி மட்டும் என் மாமனார் காலத்துக் குழாயாகவே இருந்தது.

"பழைய தண்ணி உப்புத்தான். ஆனா அந்த உப்பே கொழாய்க்குள்ள சுண்ணாம்பு அடிச்ச மாரி ஒரு பூச்சு போட்டுக் காப்பாத்திகினு இருந்துது. இந்தத் தண்ணில ஒண்ணுமே இல்லம்மா. பசியோட வருது. பூச்சத் தின்னுட்டு இப்ப கொழாயத் தின்னுகினு கீது. இது ஈயக் கொழாயி."

பின்னால் வந்து நின்ற நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை. "இன்னா சம்பந்தி, வளைகாப்புக்கு வந்து எங்க வூட்டுத் தண்ணில குத்தம் பாக்கறீங்க? ஈயம்னா இன்னாவாம்? ஈயச் சொம்புலதான் தெனம் ரசம் கொதிக்குது. ஒடம்புக்கு நல்லதுன்னுதான வெக்கறோம்?"

"அக்கா, சொம்பு வெள்ளீயம். இது காரீயம், வெசம். பேர்லதான் ஒறவு, கொணத்துல பகை" என்று அமைதியாகச் சொன்னவர் என் பக்கம் திரும்பினார். "நாளைக்குக் காலைல வரேன். யாரும் கொழாயத் தொறக்காதீங்க. ராத்திரி பூரா உள்ளயே நின்ன மொத தண்ணி எனக்கு வேணும். அதுலதான் ஈயம் நெறய எறங்கியிருக்கும்."

எங்கள் வீட்டில் நாளின் முதல் நீர் பெருமாளுக்கு உரியது. எவர் கையும் குழாயில் படுமுன் நானே நீராடி வந்து ஒரு சொம்பு பிடிப்பேன், துளசியிட்டுப் படைப்பேன். பிறகு, வயிற்றுப் பிள்ளைக்குச் சேரட்டும் என்று, ஓர் உத்தரணிக் கரண்டி அளவல்ல, அந்தச் சொம்பு முழுவதையும் மருமகளைப் பருகச் செய்வேன். குமட்டினாலும் அவள் மறுத்ததில்லை. பேய்மகள் ஊட்டிய நஞ்சை உண்டும் சிரித்த பிள்ளையைப் பாடிப் பழகிய நாவு என்னுடையது. இந்தப் பிள்ளை அந்த வல்லமைக்கு எங்கே போகும்?

அவரிடம் அதைச் சொல்லிவிட்டேன். வளையல் குலுங்க உள்ளே சிரித்துக்கொண்டிருந்த மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கப்படி மாலையில் அவளைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போனார். மறுநாள் விடியலில் பாட்டிலுடன் வந்தார். பூசையறையில் வெறுஞ்சொம்போடு அமர்ந்திருந்த என்னிடம், "பெருமாளுக்கு மொத தண்ணி குடுத்தது தப்பில்லம்மா. இனிமே கொழாயக் கொஞ்சம் ஓட வுட்டுட்டுக் குடுங்க. அவருந்தான் நல்லதா குடிக்கட்டுமே" என்றார். அழுதுகொண்டிருந்த எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பரிசோதனை முடிவு வந்தது. நீரில் காரீயம், இருக்கலாம் என்ற அளவைப் பன்மடங்கு கடந்திருந்தது. அந்த வாரமே குழாய் முழுவதையும் பிடுங்கி எறிந்தோம். மருமகளின் இரத்தத்திலும் அது சிறிது ஏறியிருந்தது. "இனிக் குறையும். சுண்ணாம்புச் சத்தும் இரும்புச் சத்தும் நிறையக் கொடுங்கள். குழந்தையின் செவியையும் அறிவையும் மட்டும் வளரவளரத்தான் பார்க்க வேண்டும்" என்றார் மருத்துவர். வளரவளர என்னும் அந்த ஒரு சொல்லில்தான் அன்று முதல் குடியிருக்கிறேன்.

பெண் குழந்தை பிறந்தது, அழகாக அழுதது. மற்றவர்கள் மெல்ல மறந்துபோனார்கள். சம்பந்தி மறக்கவில்லை. வரும்போதெல்லாம் விளையாட்டுப் போலவே பேத்தியின் பின்னால் நின்று கைதட்டுவார், திரும்புகிறாளா என்று. "பாப்பா, காக்கா எங்க? தாத்தா மூக்கு எங்க?" என்று கேட்பார். அது விளையாட்டல்ல என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். அந்த வேளைகளில் நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் நோக்குவதில்லை. அவள் சரியாகக் காட்டியதும் இருவரும் ஒன்றாக மூச்சு விடுவோம்.

சென்ற ஆண்டு அவர் மாரடைப்பில் போய்விட்டார். அந்த அச்சத்தில் பாதியைச் சுமந்துகொண்டிருந்தவர் அவர். இப்போது முழுவதும் என்மேல் இருக்கிறது.

நேற்று பேத்தி பள்ளியிலிருந்து வந்து, சிலேட்டில் 'அ' எழுதிக் காட்டினாள். சுழி வலப்பக்கம் திரும்பியிருந்தது. "எல்லாப் பிள்ளைங்களும் மொதல்ல இப்பிடித்தான் அத்தை எழுதும்" என்று மருமகள் அடுப்பை விட்டுத் திரும்பாமலே சொன்னாள். உண்மையாகத்தான் இருக்க வேண்டும். நான் சிலேட்டைத் துடைத்து, "இன்னொரு தரம் எழுதுடா கண்ணு" என்றேன். அவள் எழுதினாள். மீண்டும் துடைத்தேன்.

இதனைப் படிக்கும் உங்கள் இல்லங்களில் நன்னீர் ஓடுக. உங்கள் பிள்ளைகள் நிறைமதியும் நீடுவாழ்வும் பெறுக. அவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்கள் நன்றாக உறங்குக.