சேனைக்கு வந்த பேரீச்சந்தேன்

என் மூன்றாவது பிள்ளை பிறந்த அன்று நான் பழவேற்காட்டில் என் வீட்டுக் கொல்லையில்தான் இருந்தேன். ஆனாலும் அந்தப் பிற்பகல் முழுக்க ஓர் அரபிக் கோட்டைக்குள் வழி தெரியாமல் சுற்றியது போலத்தான் இன்றைக்கும் இருக்கிறது.

ஐம்பதுகளின் நடுவில் ஒரு வருஷம். என் சம்சாரத்தின் அண்ணன் மஸ்கத்திலிருந்து வந்திருந்தார். அங்கே ஒரு வியாபாரி வீட்டில் அவருக்குச் சமையல் வேலை. பொன்னேரி ஸ்டேஷனில் இறங்கி ஜட்காவில் வந்தவர், பெட்டியைக் காலடியில் போட்டுவிட்டு ஒரு மண்ஜாடியை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். உள்ளே பேரீச்சம்பழத்தின் பாகு. நாங்கள் அதைத் தேன் என்றே சொன்னோம்.

எங்களுக்கு அதற்கு முன் இரண்டு பிள்ளைகள் பிறந்து, இரண்டும் ஏழாம் நாளைக் காணவில்லை. அல்லாஹ் கொடுத்தான், எடுத்துக்கொண்டான். என் சம்சாரம் ஜாடியைப் பார்த்ததுமே சொல்லிவிட்டாள். "இந்தவாட்டி எங்க அண்ணன் கையாலதான் சேனை வைக்கணும், இந்தத் தேன்லதான் வைக்கணும். எங்கண்ணன் கடலு, மலை எல்லாம் தாண்டி வந்த உசுரு. அந்த உசுரு புள்ளைக்கும் வரட்டும்."

சேனை என்று பிறந்த பிள்ளை நாக்கில் முதல் இனிப்பை யார் தொட்டு வைக்கிறாரோ அவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு. நபிகள் நாயகம் அவர்களே பேரீச்சம்பழத்தை மென்று பிள்ளைகள் வாயில் தடவியதாக எங்கள் பள்ளிவாசல் ஹஜரத் பயான் பிரசங்கத்தில் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதனால் எனக்கும் மனசுக்கு நிறைவாக இருந்தது.

மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்தபோது வலி எடுத்துவிட்டது. மருத்துவச்சியும் மாமியாரும் உள்ளே. என்னையும் மச்சானையும் கொல்லைக்கு விரட்டிவிட்டார்கள். நான் தஸ்பீஹ் மணிகளை உருட்டிக்கொண்டே குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். என் பயத்தைப் பார்த்து மச்சான் பேச்சுக் கொடுத்தார்.

"உக்காரு மாப்புள்ள. நிஸ்வான்னு ஒரு ஊரு. எங்க மொதலாளியோட ஒட்டகத்துல போனேன். மலைக்கு அந்தாண்ட கீது. அங்க இருக்கு பாரு கோட்டை!"

எங்கள் ஊரிலும் உலாந்தாக்காரன், அதாவது டச்சுக்காரன், கட்டிய கோட்டை இருந்தது. அகழியும் முள்செடியும் உடைந்த செங்கல்லும்தான் அது. கோட்டை என்றால் எனக்கு அவ்வளவுதான் தெரியும். மச்சான் ஒரு சட்டியை எடுத்து மணலில் கவிழ்த்து வைத்தார்.

"இப்படித்தான், உருண்டையா. அந்த ஊரை ஆண்ட இமாம் ஒருத்தர் கட்டினது. பன்னண்டு வருஷம் ஆச்சாம். பாதி ஒசரத்துக்கு உள்ள வெறும் மண்ணும் கல்லும் ரொப்பிட்டாங்க. பீரங்கி குண்டு பட்டாலும் அசையாது."

"யாரு சுடுவான்?"

"பறங்கி. அவனைத் தொரத்துனப்புறம் கட்டினது."

"தொரத்துனப்புறம் எதுக்கு மச்சான் கோட்டை?"

"அவங்களுக்குள்ளயே சண்டை வரும் இல்ல?"

முஸ்லிமுக்கு முஸ்லிம் பயந்து கட்டினதா? என் கையில் தஸ்பீஹ் நின்றுவிட்டது. அவர் பேச்சை நிறுத்தவில்லை. விரலால் மணலில் படிக்கட்டு போட்டார். அது நேராகப் போகாது, திரும்பித் திரும்பிப் போகும். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு கதவு. கதவைத் தாண்டினால் காலடியில் பலகை, பலகையை உருவினால் பள்ளம். கதவுக்கு நேர் மேலே ஒரு சந்து.

"அந்தச் சந்து எதுக்கு?"

"மேலேர்ந்து ஊத்தறதுக்கு. ஒரு ரூமு பூரா பேரீச்சம்பழ மூட்டையா அடுக்கியிருப்பான். தரையில வாய்க்கா வாய்க்காவா வெட்டி வுட்டிருப்பான். பாரத்துல பாகு வழிஞ்சி ஒரு தொட்டியில சேரும். அதைக் கொதிக்க வச்சி, கதவாண்ட வந்து நிக்கறவன் தலையில... ஒட்டிக்கினா தோலோட வருமாம்! நான் கொண்டாந்திருக்கேனே, அதுவும் அந்த மாதிரி ரூமுல எறங்கின பாகுதான்."

அவர் பெருமையாகத்தான் சொன்னார். நான் பக்கத்தில் இருந்த ஜாடியைப் பார்த்தேன். நோன்பு திறக்கிற பழம். அதன் பாகை ஒரு முஸ்லிம் இன்னொரு முஸ்லிமின் தலையில் ஊற்றினான். அதுதான் என் பிள்ளையின் முதல் இனிப்பா?

உள்ளே அழுகுரல் கேட்டது. "பொம்பளப் புள்ள!" என்றார் மாமியார். "தேனை எடுத்துக்கினு வாங்க!"

நான் ஜாடியை எடுத்தேன். எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போகாமல் பள்ளிவாசலுக்கு ஓடினேன். இந்தப் பாகைப் பிள்ளை வாயில் வைக்கலாமா என்று ஹஜரத்திடம் கேட்டேன்.

ஹஜரத் கோட்டைக் கதையையும் கேட்டுவிட்டு, "ஏம்பா, பழம் ஹலால். கோட்டைக்கும் புள்ளைக்கும் இன்னா சம்பந்தம்? எண்ணெயக் கூடத்தான் காய்ச்சி ஊத்தியிருப்பான். எண்ணெய் துன்றதை வுட்டுருவியா? போ, புள்ள காய்ஞ்சிக்கினு இருக்கும்," என்றார்.

சரியென்று திரும்பி ஓடினேன். அதற்குள் பள்ளிவாசலில் கேட்டுக்கொண்டிருந்த ஒரு பையன் மூலம் விஷயம் எனக்கு முன்னால் வீட்டுக்குப் போயிருந்தது. மச்சான் முகம் சிவந்து நின்றார்.

"நான் தங்கச்சி புள்ளைக்கு வெஷமா கொண்டாந்தேன்? ஃபத்வா கேக்கப் போனியே! நான் தொட மாட்டேன். நீயே வச்சிக்கோ."

"மச்சான், தெரியாம..."

"நல்லா தெரிஞ்சிதான் ஓடினே."

அறைக்குள்ளிருந்து என் சம்சாரத்தின் குரல் வந்தது, பலமே இல்லாமல். "அண்ணே... அண்ணே..." அவர் அசையவில்லை. பிள்ளை அழுதுகொண்டே இருந்தது. மாமியார் என்னைப் பார்த்துச் சீறினார். "ரெண்டு புள்ளையப் பறிகொடுத்தும் புத்தி வரலியே உனக்கு! யாராவது ஒருத்தர் வைங்கப்பா!"

நான் ஜாடியோடு அறைக்குள் போய், பிஸ்மி சொல்லிச் சுண்டுவிரலை ஜாடிக்குள் விட்டேன். கறுப்பாக, கனமாக இறங்கியது. என் சம்சாரம் தலையைத் திருப்பி என்னையே பார்த்தாள். அவள் கேட்டது அண்ணனுடைய துணிச்சல். அவள் பிள்ளைக்குக் கிடைக்கப் போவது எதையும் முடிவு செய்யத் தெரியாத என் குணம். அது அவளுக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

நாக்கில் தடவினேன். பிள்ளை சட்டென்று அழுகையை நிறுத்தியது. முகத்தைச் சுளித்தது. பிறகு வாயை மெல்ல மெல்லச் சப்பியது. பிடித்ததா, பிடிக்கவில்லையா? நான் குனிந்து பார்த்தேன். என் முதுகுக்குப் பின்னால் மச்சானும் வந்து நின்று எட்டிப் பார்த்தார்.

"இன்னா மச்சான், துன்றாளா?"

"தெரியலியே மாப்புள்ள," என்றார் அவர்.